ஒத்திகையும் ஒலித்தட்டும்: ஃப்யூஷன் லீட் கிட்டார் பயிற்சியின் தொடக்கம் பற்றி

ஜாஸ் ஃப்யூஷன் மீதான கண்டனங்களில் விமர்சகர் ஸ்டான்லி க்ரவுச்சுடையதே மிகக் காட்டமானது. 1990இல் 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் வந்த அவர் கட்டுரை, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் வீழ்ச்சியை 'இன் எ சைலன்ட் வே' (1969) இசைத்தட்டிலிருந்து தொடங்குகிறது. மின்கருவிகளுக்கு நடுவே ட்ரம்பெட் காணாமல் போனது, சுவரை மூடும் அலங்காரத் தாள் போன்ற பின்னணி ஓசையே எஞ்சியது, கலைஞர் சந்தைக்கு விலைபோனார் என்பது அவர் தீர்ப்பு.

க்ரவுச்சின் செவி ட்ரம்பெட்டின் மீதே இருக்கிறது. கார்டுகள் குறைந்தால் கற்க வேண்டியதும் குறையும் என்ற எண்ணம் அவர் வாதத்துக்கு அடியில் ஓடுகிறது. கிட்டாரை மையமாக வைத்துக் கேட்டால் அந்த எண்ணம் நிற்காது. அதற்கான சான்று அந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு நாளிலேயே கிடைக்கிறது.

1969 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் கொலம்பியா ஸ்டூடியோவுக்கு வந்தபோது, கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்து சில வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. கீபோர்டு கலைஞர் ஜோ சாவினுல் எழுதிய தலைப்புப் பாடலில் கார்டுகள் அடுத்தடுத்து மாறும். டேவிஸ் அவற்றை ஒதுக்கிவிட்டு, கிட்டார் வாசிக்கவே தெரியாதவனைப் போல வாசி என்றாராம். இதற்கு மெக்லாக்லினின் நினைவுகூரலே சான்று; பேட்டிக்குப் பேட்டி சொற்கள் சற்று மாறும். அவர் எடுத்தது ஈ மேஜர். கிட்டார் வகுப்பில் சேர்ந்தவர் முதல் வாரமே பிடிக்கும் கார்டு அது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் 'கற்றதை மறப்பதே ஃப்யூஷன்' என்று முடித்துவிடுகிறார்கள். 2001இல் வெளியான முழுப்பதிவுத் தொகுப்பில் உள்ள ஒத்திகை வடிவம் அந்த முடிவைக் குலைக்கிறது. அதில் சாவினுலின் கார்டுகள் இருக்கின்றன. தாளத்தில் லத்தீன் சாயல் தெரிகிறது. குழு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறது. வெளியான வடிவத்திலோ பேஸ் ஈ சுருதியில் நிலைக்க, தாளம் கரைந்துவிட, மெட்டை முதலில் ஏந்தி வருவது கிட்டார்தான். வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸஃபோனும் டேவிஸின் ட்ரம்பெட்டும் பின்னரே சேர்கின்றன.

ஆகவே மெக்லாக்லின் விட்டது அவர் முன்பே வாசித்த ஒன்றை. கார்டு மாற்றம் தாங்கிப்பிடிக்காத வெளியில், ஒவ்வொரு சுரத்தின் தாக்குதலும் நீளமும் ஓய்வும் வாசிப்பவரின் பொறுப்பாகின்றன. எளிமைப்படுத்தல் என்று க்ரவுச் கண்டது லீட் கிட்டாருக்குப் பளுவைக் கூட்டியது. ஒரேயொரு ஒத்திகை நாடாவை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். சாவினுல் தம் பெயரிலேயே 1971இல் வெளியிட்ட தட்டில் இதே பாடலைக் கார்டுகளோடு வாசித்திருக்கிறார். மூன்றையும் அடுக்கிக் கேட்பவருக்கு ஐயம் குறையும்.

ஒன்றை மட்டும் தீர்க்க முடியவில்லை. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வரும் இந்தப் பாடலையே தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டி ஒட்டி அந்தப் பக்கத்தின் முடிவிலும் வைத்தார். நாம் கேட்கும் அமைதியில் டேவிஸின் பங்கு எவ்வளவு, கத்தரிக்கோலின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

பின்னர் நடந்தது பரவலாக அறியப்பட்டதே. மெக்லாக்லின் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் தட்டில் (1971) உள்ள 'தி டான்ஸ் ஆஃப் மாயா'வைப் பத்தாக எண்ணுவதா இருபதாக எண்ணுவதா என்று இன்றும் மாணவர்கள் திணறுகிறார்கள். கார்டில் குறைந்தது கணக்கில் ஏறியது. 1970களின் முற்பகுதியில் மெக்லாக்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அவருடைய சக்தி குழுவுக்காக ஏப் வெக்டர் செய்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே விரல்பலகை குழிவாகச் செதுக்கப்பட்டது. தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் பிடிக்க அது இடம் தந்தது. 2007இல் தாளக் கலைஞர் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் டிவிடி ஒன்றையும் அவர் வெளியிட்டார். வீணைப் பயிற்சிதான் அந்தச் செதுக்கலுக்கு நேரடிக் காரணம் என்று உறுதியாகச் சொல்லத் துணிய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே தேடலின் பகுதிகள் என்பது வரை சொல்லலாம்.

ட்ரம்பெட்டைப் பொறுத்தவரை க்ரவுச்சின் குற்றச்சாட்டு விவாதத்துக்கு உரியதாகவே இருக்கட்டும். கிட்டாரைப் பொறுத்தவரை அது செல்லாது. ஃப்யூஷன் லீட் பயில்பவர்கள் சாவினுலின் கார்டுகளை முதலில் கைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பிறகு ஈ மேஜருக்கு வருவது நல்லது.