மேற்கே இருக்கும் துறைமுகம்

பூம்புகாரில் காவிரியைப் பார்த்து ஏமாந்துதான் போனேன். குடகில் பிறந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிவந்த ஆறு, கடலில் கலக்குமிடத்தில் வாய்க்கால் அகலம். வயல்கள் குடித்தது போக மிச்சம். தலையில் கூடையோடு ஒரு பையன் முழங்கால் நனையாமல் குறுக்கே நடந்தான்.

பட்டினப்பாலை சொல்லும் குதிரைகளும் மிளகு மூட்டைகளும் வந்த துறை எங்கே?

கருவாடு காயவைத்த அம்மாவிடம் கேட்டேன். “மேற்கே கீழையூருக்குப் போங்க தம்பி. இங்க மணல்தான்.”

சரிதான். 1960களில் தொல்லியல் துறை தோண்டியது அங்கேதான். செங்கல் படகுத்துறை கிடைத்தது. செங்கல் ஒவ்வொன்றும் இன்றையதைப்போலப் பலமடங்கு. படகு கட்டிய மரத்தூண்களும் இருந்தன. அந்த மரத்தின் வயது, கரிமக் கணிப்பில், 2,000 ஆண்டுகளுக்கும் மேல்.