மாரத்தான்: ஓர் ஊர்ப் பெயரின் கதை

விளையாட்டுப் போட்டி என்றாலே நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் மாரத்தான் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், கடலோரமாக இருக்கிற சமவெளிதான் மாரத்தான். பழைய கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் சோம்பு என்று பொருள். ஆமாம், நம் வீட்டில் கறிக்கு அரைத்துப் போடுகிற அதே சோம்புதான்! அந்தச் செடி அங்கே மண்டி வளர்ந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது அறிஞர் கருத்து. மைசீனி நகரில் கிடைத்த, 3,200 ஆண்டுப் பழமையான களிமண் பலகைகளிலேயே சோம்பின் பெயர் இருக்கிறது. அவ்வூர் மக்களோ, மாரத்தான் என்ற வீரனால்தான் ஊர் பெயர் பெற்றது என்று சொல்லி அவனை வழிபட்டார்கள். இதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசேனியஸ் எழுதி வைத்துள்ளார்.

கி.மு. 490இல் பாரசீகப் பேரரசர் டேரியஸின் படை அங்கே கப்பலில் வந்து இறங்கியது. ஏதென்ஸ் மக்கள், பிளாட்டியா ஊராரின் துணையோடு எதிர்த்து நின்று வென்றார்கள். மாண்ட ஏதென்ஸ் வீரர் 192 பேர். அவர்களுக்குப் போர்க்களத்திலேயே ஈமக்கடன் முடித்து எழுப்பிய மண்மேடு இன்றும் இருக்கிறது.

சரி, வெற்றிச் செய்தியோடு ஏதென்சுக்கு ஓடிவந்து, சொன்னதும் உயிரை விட்டானாமே ஒருவன், அவன் கதை? அந்தப் போரை விரிவாக எழுதிய ஹெரோடோட்டஸ் நூலில் அது இல்லவே இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த நூல்களில்தான் இருக்கிறது. ஹெரோடோட்டஸ் சொல்வது வேறு. பாரசீகக் கப்பல்கள் ஏதென்சைப் பிடிக்கச் சுற்றிக்கொண்டு போயின. அதைக் கண்டு படை முழுவதும் வேகவேகமாக நடந்து, முந்திப் போய் நகரைக் காத்தது.

1896இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக்கில் முதல் மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். அதில் வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் கொண்டுபோய் விற்றுப் பிழைத்த ஏழை. இன்றைய 42.195 கிலோமீட்டர் அளவு 1908 லண்டன் போட்டியில் வந்தது. 1921இல் அதுவே நிலையானது.

மாணவர்களே! கதையில் ஓடியவன் ஒருவன். வரலாற்றில் நடந்தவர்களோ ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஊர்ப் பெயரைத் தோண்டிப் பார்த்தால் செடியும் தெரியும், பெயர் தெரியாத அந்த மனிதர்களும் தெரிவார்கள்.