சர்வருக்குள் என்ன இருக்கிறது?

கோவைப் பட்டறைக்கு வரும் பம்ப்செட்டில் எந்த பேரிங் இருக்கிறது என்று தெரியாமல் மாற்ற முடியாது. சர்வரும் அப்படித்தான்.

லாரி வால் 1987-ல் பெர்ல் மொழியை வெளியிட்டார். 1994-ல் பெர்ல் 5 வந்தபோது மாட்யூல்கள் வந்தன. அடுத்த வருடமே சீபான் என்ற இணையக் களஞ்சியம் தொடங்கியது. ஒருவர் எழுதிய மாட்யூலை எவரும் இறக்கிக்கொள்ளலாம். நிறுவியவற்றைக் குறித்துவைக்க 'பெர்ல்லோக்கல்' என்ற பதிவேடு உண்டு. ஆனால் பெர்லுடனே வந்த மாட்யூல்களும் லினக்ஸ் பேக்கேஜாக ஏறியவையும் அதில் இருக்காது.

இப்படிப்பட்ட அரைகுறைப் பட்டியலின் ஆபத்து 2021 டிசம்பரில் தெரிந்தது. ஜாவாவின் லாக்4ஜே லைப்ரரியில் பெரிய ஓட்டை. திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் வேறு மென்பொருள்களுக்குள் ஒளிந்திருந்த அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடானது. 2024-ல் இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு, மென்பொருளின் உள்ளடக்கப் பட்டியலைத் தயாரிக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டையை அடைக்குமுன் அது எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டுமே!