துருவுக்குள் இருந்த எண்

பதிவுப் புத்தகத்தில் 'வில்லிஸ்' என்று மட்டும் தெளிவாக இருந்தது. ஆண்டு எழுதிய இடத்தில் மை கரைந்துவிட்டது. வவுனியாவில் நண்பர் ஒருவரின் கராஜில், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நாங்கள் பிரித்துப் பூட்டும் ஜீப்பின் புத்தகம் அது. படை கழித்துவிட்ட வண்டி என்பது பார்த்த உடனே தெரியும். அதன் வயதையும் வரலாற்றையும் கண்டுபிடிக்கவே இந்தத் தேடல்.

இலக்கத் தகட்டிலிருந்து தொடங்கினேன். 'ஈஎன்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகடுகள் வருவதற்கு முந்திய வரிசை அது. அந்த 'ஸ்ரீ'யின் மேல் தார் பூசிய 1957, 58ஆம் ஆண்டுப் போராட்டத்தை இங்கே முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே, அதற்கு முன்பே இந்த வண்டி பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது.

அடுத்தது அமெரிக்க இராணுவம் 1944இல் வெளியிட்ட டீஎம் 9-803 கையேடு. அது ஜீப்பைக் 'கால் தொன் ட்ரக்' என்றே குறிக்கிறது. வில்லிஸின் எம்பி, ஃபோர்ட்டின் ஜீபீடபிள்யூ இரண்டுக்கும் அந்த ஒரு கையேடுதான். ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும். இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன் இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. ஆனாலும் அடையாளம் காண வழியுண்டு. ரேடியேற்றரின் கீழே உள்ள குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்ட்டில் கவிழ்த்த 'ப'. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினோம். வந்தது கவிழ்த்த 'ப'. போல்ற் தலைகளிலும் ஃபோர்ட்டின் 'எஃப்'. எஞ்சின் கட்டையிலோ 'எம்பி' என்று தொடங்கும் எண். சட்டம் ஃபோர்ட், எஞ்சின் வில்லிஸ். பதிவு செய்தவர் எஞ்சினைப் பார்த்தே எழுதியிருக்க வேண்டும்.

இத்தகைய வண்டிகள் இலங்கைக்கு வந்த காலம் நமக்குத் தெரிந்ததுதான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது. 1944இல் நேசநாட்டுப் படைத்தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைக் கண்டிப் பக்கம் கொண்டுவந்தார்.

என்னை அதிகம் ஈர்த்த தடயம் எந்தக் கையேட்டிலும் இல்லை. காபரேற்றரின் வாயருகே விரல் நீளச் செப்புக் குழாய் ஒன்று, ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கிளிநொச்சியில் நெடுங்காலம் வேலைசெய்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். கண்டதும் சிரித்தார்.

"தம்பி, இது பெற்றோல் போத்தில் குழாய். நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெயைத் திறக்கோணும். முந்தித் திறந்தா வெறும் புகைதான்."

1990 ஜூனில் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடை, 2002இல்தான் நீங்கியது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வன்னிக்கு வரமுடியாத அந்த ஆண்டுகளில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஏன் பழையவை மட்டும்? மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது. எஞ்சின் தட்டத் தொடங்கும். அழுத்த விகிதம் இந்த ஜீப்பில் 6.48 மட்டுமே. தவிர, காற்றும் எரிபொருளும் கலந்து செல்லும் குழாய், புகை வெளியேறும் சூடான குழாயோடு சேர்ந்தே இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் மண்ணெண்ணெய் ஆவியாகும். 1949இல் வந்த மண்ணெண்ணெய் ஃபேர்குசன் உழவு இயந்திரமும் இதே முறையில்தான் இயங்கியது: பெற்றோலில் தொடக்கம், சூடேறியபின் மாற்றம். பொறியியலாளர்கள் தொழிற்சாலையில் செய்ததை வன்னி மெக்கானிக்குகள் ஒரு போத்திலும் குழாயும் கொண்டு செய்தார்கள். அந்தத் திறமையைப் பற்றி நாம் எழுதிவைத்தது மிகக் குறைவு.

அதற்கு எஞ்சின்கள் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், பெயாரிங் தேயும். எங்கள் பெயாரிங்குகளில் அந்தத் தேய்மானம் நன்றாகவே தெரிந்தது. புதிதாகப் போட்டோம்.

குழாயைக் கழற்றி, 1944 கையேட்டில் உள்ளபடி ஆக்கச் சொல்கிறார்கள் சிலர். நான் சம்மதிக்கவில்லை, இந்த வண்டியில் வன்னியில் செய்யப்பட்ட பாகம் அது ஒன்றுதான். குழாயின் வாயில் ஒரு சிறு திருகாணி போட்டு அடைத்திருக்கிறோம். அடைக்காவிட்டால் காற்றை இழுத்து, எஞ்சின் ஸ்லோவில் நிற்காது.