சிதறல் படம் பிறந்த கதை

மே நடுவில் பருவமழை நிக்கோபாரைத் தொட்டதாகச் செய்தி வந்தால் போதும், "அங்கே முந்தினால் கேரளத்திலும் முந்தும்" என்ற பேச்சு கிளம்பிவிடும். 2025இல் மே 13 அன்று நிக்கோபாரை எட்டிய மழை, மே 24 அன்றே கேரளத்தில் இறங்கியதும் அந்தப் பேச்சுக்கு வலு கூடியது. அது மெய்யா என்று பார்க்க இன்று ஒரு கட்டத்தாளும் பென்சிலும் போதும். ஆனால் இரண்டு அளவுகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளியிடும் அந்த வழி, அதாவது சிதறல் படம், உருவாகி வர முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1833இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களைப் பற்றியது. ஆண்டுகளைக் கிடையாகவும், விண்மீன்களின் கோணத்தைச் செங்குத்தாகவும் வைத்து அவர் புள்ளியிட்டார். அளவீடுகளில் பிழை மலிந்திருந்ததால், புள்ளிகளின் நடுவே கண் மதிப்பில் ஒரு வளைகோடு இழுத்தார். ஒற்றைப் புள்ளி ஏமாற்றலாம், கூட்டம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது என்பது அவர் கணக்கு.

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை 1886இல் அட்டவணையிட்டபோது, எண்கள் நீள்வட்டமாகத் திரள்வதைக் கண்டார். இரண்டு அளவுகள் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்ல 1888இல் வழி கண்டார். 1896இல் கார்ல் பியர்சன் அதற்குச் சூத்திரம் தந்தார். அதுதான் ஒட்டுறவுக் கெழு: ஒன்று கூட மற்றதும் கூடினால் +1 பக்கம், ஒன்று கூட மற்றது குறைந்தால் −1 பக்கம், இரண்டுமில்லை என்றால் 0.

அந்தக் கெழுவை இந்திய மழைக்குக் கொண்டுவந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற இந்தக் கேம்பிரிட்ஜ் கணிதர், உலகெங்கும் பதிவான காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் நம் பருவமழையோடு ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடலில் குறையும் என்ற தென் அலைவு அப்படித்தான் பிடிபட்டது. கூடவே 1914இல் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: ஏராளமான ஜோடிகளை ஒப்பிட்டால், சில தற்செயலாகவே நெருங்கிய உறவுபோலத் தோன்றும்.

இப்போது அந்த நிக்கோபார்ப் பேச்சுக்கு வருவோம். கிடையில் நிக்கோபாரை ஒட்டிய அந்தமான் கடலுக்கு மழை வந்த தேதி, செங்குத்தில் கேரளத்துக்கு வந்த தேதி. 2017இல் மே 14, மே 30. 2018இல் மே 25, மே 29: அங்கே பதினொரு நாள் பிந்தியும் இங்கே ஒரு நாள் முந்திவிட்டது. 2023, 2024 இரண்டிலும் அங்கே மே 19. கேரளத்திலோ ஜூன் 8, மே 30. ஒரே தேதிக்கு நேர் மேலே ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு புள்ளிகள்! இரண்டு தேதிகளுக்கும் தொடர்பில்லை என்று வானிலைத் துறையே சொல்லிவருகிறது. நிக்கோபாரை நனைப்பது பருவமழையின் வங்கக்கடல் கிளை. கேரளத்துக்கு அரபிக்கடலில் மேலைக்காற்று வலுக்க வேண்டும். 2023 ஜூனில் அந்தக் கடலில் எழுந்த பிபர்ஜாய் புயல் அதைத்தான் குலைத்தது.

ஆக, நிக்கோபார்ச் செய்தி கேட்டதும் குடையைத் தேட வேண்டியவர்கள் தீவுக்காரர்கள். கொச்சிக்காரர்கள் அரபிக்கடலைப் பார்க்கட்டும்.