கால் ஃபார்திங்கும் சதோஷியும்

2024 டிசெம்பரில், விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் தன் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினான். திரையில் 0.000002 என்றோர் எண் தெரிந்தது.

"ஒரு பிளேன்ரீயின்ர விலை, மாமா. வாசியுங்கோ பாப்பம்" என்றான்.

புள்ளிக்குப் பின்னால் நின்ற பூச்சியங்களை விரல் வைத்து எண்ணினேன். ஐந்து. எண்ணி முடித்த பிறகும் வாய்விட்டு வாசிக்க வரவில்லை. அந்த மாதந்தான் ஒரு பிட்கொயினின் விலை முதன்முறையாக ஓர் இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டியிருந்தது. டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் என்று கொண்டால், ஒரு பிட்கொயின் மூன்று கோடி ரூபாய். அறுபது ரூபாய்த் தேநீர் அதில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. கணக்கிலே பிழையில்லை. ஆனால், தேநீர்க் கடைக்காரர் இந்த விலையை எப்படிச் சொல்வார்? வாங்குபவர் மிச்சக் காசை எப்படிச் சரிபார்ப்பார்?

நாணயம் ஒன்றில் எந்த அளவை 'ஒன்று' என்று வைப்பது, அதன் சிறு கூறுகளுக்கு என்ன பெயரிடுவது என்பன கணக்காளருக்குரிய கேள்விகளாகத் தோன்றும். பழைய நாணயங்களின் வரலாற்றைப் புரட்டினால், அவற்றுக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது தெரியவரும். யாருடைய கொள்வனவை மனத்தில் வைத்து அந்த நாணயம் வகுக்கப்பட்டது என்பதே அது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கணக்கு முறையில் ஒரு றிக்ஸ் டொலருக்குப் பன்னிரண்டு பணம். ஒரு பணத்துக்கு நான்கு ஸ்டைவர். ஆங்கிலேயர் 1825இல் ஸ்டேர்லிங் நாணயத்தை இங்கே கொண்டுவந்தபோது, ஒரு றிக்ஸ் டொலருக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்று மதிப்பு நிர்ணயித்தார்கள். காகிதத்தில் இது எளிய கணக்கு. சந்தையிலேதான் இடறியது. பதினெட்டுப் பென்ஸைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பணத்துக்கு ஒன்றரைப் பென்ஸ். அதை நான்காகப் பிரித்தால் ஒரு ஸ்டைவருக்கு ஒன்றரை ஃபார்திங். ஃபார்திங் என்பது பென்ஸில் காற்பங்கு. அன்று இங்கிலாந்தில் புழங்கிய நாணயங்களுள் ஆகச் சிறியது. ஒன்றரை ஃபார்திங்குக்கு இங்கிலாந்தில் குற்றி இல்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. சந்தை இலண்டனுக்காக வளையவில்லை. இலண்டன் சந்தைக்காக வளைந்தது. 1828இல் இலங்கைக்கென்று அரை ஃபார்திங் குற்றிகள் அடிக்கப்பட்டன. மூன்று அரை ஃபார்திங் சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். 1834 முதல் ஒன்றரைப் பென்ஸ் பெறுமதியான வெள்ளிக் குற்றியும் வந்தது. இலங்கையிலும் மேற்கிந்தியப் பகுதிகளிலும் புழங்கிய அந்தக் குற்றி, பெறுமதியில் நம்முடைய பழைய 'பணம்' அன்றி வேறில்லை. அதுவும் போதாதென்று 1839இல் இலங்கைக்காகக் கால் ஃபார்திங் அடிக்கப்பட்டது. ஒரு பவுணின் 3,840இல் ஒரு பங்கு! ஸ்டேர்லிங் வரலாற்றிலேயே அதைவிடச் சிறிய குற்றி அடிக்கப்பட்டதில்லை. உலகின் மிகப் பெரிய பேரரசு தன் மிகச் சிறிய காசை இந்தத் தீவின் சில்லறைச் சந்தைக்காக அடிக்க நேர்ந்தது. ஒரு பிடி கீரையும் இரண்டு வெற்றிலையும் வாங்கியவர்களின் கை அந்த அளவைத் தீர்மானித்தது.

1872 ஜனவரி முதலாந் திகதி, நூறு சதம் கொண்ட ரூபாய் இலங்கையின் நாணயமாயிற்று. இந்தியாவுக்கு 85 ஆண்டுகளும் பிரித்தானியாவுக்கு 99 ஆண்டுகளும் முன்பே நாம் பதின்ம முறைக்கு வந்துவிட்டோம். 1870 என்று ஆண்டு பொறித்த அச் செப்புக் குற்றிகளில் ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம் ஆகியவற்றுடன் கால் சதமும் இருந்தது. ரூபாயின் நானூறில் ஒரு பங்கு அது. அக்காலத்து இந்திய ரூபாயின் கடைக்குட்டியான பை, 192இல் ஒரு பங்கு. நம்முடைய கால் சதம் அதன் பாதியிலும் சிறியது. நூறாகப் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று அன்று எவரும் எண்ணவில்லை. 'சதம்' என்ற பெயரும் நன்றாக வாய்த்தது. வடமொழியில் நூறைக் குறிக்கும் சொல், நம் வாயில் நூறிலொரு பங்கைக் குறித்தது. ஆங்கிலச் சொல்லான 'சென்ற்' என்பதோடு ஓசையிலும் நெருங்கி நின்றது.

இதற்கு நேரெதிரான முடிவைப் பிரித்தானியா எடுத்தது. அங்கே பதின்ம முறையை ஆராய்ந்த ஹோல்ஸ்பரி குழு 1963இல் அறிக்கை தந்தது. பவுணை அப்படியே வைத்து நூறாகப் பிரிப்பதா, பத்துச் சிலிங்கைப் புதிய அலகாக்கி அதை நூறாகப் பிரிப்பதா என்பதே வழக்கு. தென்னாபிரிக்கா 1961இல் இரண்டாம் வழியில் போயிருந்தது. பின்னர் அவுஸ்திரேலியா 1966இலும் நியூசிலாந்து 1967இலும் அதையே தெரிந்தன. பிரித்தானியக் குழுவின் பெரும்பான்மையினர் பவுணையே நிலைநிறுத்தினர். சிறுபான்மையினர் பத்துச் சிலிங்கின் பக்கம் நின்றனர். உலக நிதிச் சந்தையில் ஸ்டேர்லிங்குக்கு இருந்த பெயர் பெரும்பான்மையினரின் முடிவுக்கு முக்கிய காரணம்.

விளைவு என்ன? 1971 பெப்ரவரி 15ஆந் திகதி வந்த புதிய பென்னி, பழைய பென்ஸில் 2.4 மடங்கு. சிறிய விலைகளுக்கு அது பருமனாகிப்போனதால் அரைப் பென்னி ஒன்றையும் கூடவே அடிக்க வேண்டியதாயிற்று. அது 1984 வரை புழக்கத்தில் இருந்தது. பெரிய அலகைத் தெரிந்தால் விலையைக் கிட்டிய குற்றிக்கு மட்டப்படுத்த வேண்டிவரும். அந்த இழப்பு ஆயிரம் பவுணுக்குப் பொருள் வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு பாண் வாங்குபவருக்குத் தெரியும். மிச்சச் சதத்துக்குப் பதிலாக இனிப்பைக் கையில் வைக்கும் கடைகளை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெயர் பற்றிய பாடம் இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. அங்கே 1957 ஏப்பிரல் முதலாந் திகதி வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, 64 பைசா, 192 பை. அதன் பின் நூறு பைசா. ஓர் அணா என்பது ஆறேகால் புதிய பைசா. காலுக்குக் குற்றி இல்லாததால் ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நான்கு அணாவுக்கு இருபத்தைந்து என்று மாற்று அட்டவணை வகுத்தார்கள். ஓரணாப் பொருளை மூன்று தடவை வாங்கினால் பதினெட்டு. ஒரேயடியாக வாங்கினால் பத்தொன்பது! பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒரே பெயரில் இரு பெறுமதி கொண்டு குழப்பக்கூடாது என்பதற்காக 'நயா பைசா' என்று பெயரிட்டார்கள். 1964இலேதான் 'நயா' நீங்கியது. பிரித்தானியக் குற்றிகளிலும் 'புதிய' என்ற சொல் பத்தாண்டு காலம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் தமிழகத்துச் சந்தை என்ன செய்தது? இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் அரை நூற்றாண்டு அழைத்தது. சட்டம் பெறுமதியை மாற்றலாம். பெயரைச் சூட்டுவது வாய்தான்.

இப்போது பிட்கொயினுக்கு வருவோம். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008 ஒக்டோபர் 31இல் அதன் திட்டத்தை வெளியிட்டனர். 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. மொத்தம் 2.1 கோடிக்கு மேற்படாது. ஒவ்வொன்றையும் பத்துக் கோடிக் கூறுகளாகப் பிரிக்கலாம். கூறுகள் இருந்தன; அன்றாடப் பெயர்கள் இருக்கவில்லை. அன்று அவை தேவைப்படவும் இல்லை. 2010 மே 22இல் இரண்டு பீட்சாக்களுக்கு 10,000 பிட்கொயின் கொடுத்த கதையைப் பலரும் அறிவர். அன்று அலகு மிகச் சிறிது. 2013 நவம்பரில் ஒரு பிட்கொயின் ஆயிரம் டொலரைத் தொட்டபோது அலகு மிகப் பெரிது. நான்கு ஆண்டுக்குள் ஒரு நாணயத்தின் 'ஒன்று' சந்தைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

பெயர்கள் பின்னாலே ஓடி வந்தன. ஆகச் சிறிய கூறுக்குச் சதோஷி என்று, உருவாக்கியவரின் பெயரே நிலைத்தது. (நம்மவர்க்குக் கேட்டவுடன் சதொச நினைவுக்கு வந்தால் அது என் குற்றமன்று.) ஆயிரத்தில் ஒன்றுக்கு 'மில்லி' என்றார்கள். பத்து இலட்சத்தில் ஒன்றை, அதாவது நூறு சதோஷியை, 'பிட்' என அழைக்கலாம் என்று 2017இல் முறைப்படி முன்மொழிந்தார்கள். 2025இல் இன்னொரு முன்மொழிவு: புள்ளியையே ஒழித்து, ஆகச் சிறிய கூறையே இனிப் பிட்கொயின் என்று சொல்வோம். நேற்று ஒன்று வைத்திருந்தவர் இன்று பத்துக் கோடி வைத்திருப்பார், செல்வம் மாறாது. ஒரே பெயருக்கு இரு பெறுமதி! டெல்லியும் இலண்டனும் 'புதிய' என்ற சொல்லைப் பொறித்துத் தவிர்த்துக்கொண்ட குழப்பத்தை இவர்கள் விரும்பி அழைக்கிறார்கள்.

எல் சல்வடோர் 2021 செப்ரெம்பரில் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. அச் சட்டமே, கணக்கு வைப்பதற்கு அமெரிக்க டொலரை ஆதாரமாகக் கொள்ளலாம் என்றது. பெறுமதி ஒரு நாணயத்தில் நகர, விலை இன்னொன்றின் பெயரில் பேசப்பட்டது. வணிகர்கள் அதை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. விலையின் தளம்பல் இதற்கெல்லாம் பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. அதோடு, தன் பெயரால் ஒரு தேநீருக்கு விலை சொல்ல முடியாத நாணயம் கடைக்குள் குடியேறுவது கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்திய ரிசேர்வ் வங்கி 2022 டிசெம்பரில் மக்களுக்கான டிஜிட்டல் ரூபாயை வெள்ளோட்டம் விட்டபோது, ஏற்கெனவே புழங்கிய தாள்களினதும் குற்றிகளினதும் அதே பெறுமதிகளை வைத்துக்கொண்டது. புதுமை இல்லைதான். ஆயினும் காய்கறி விற்கும் மூதாட்டி புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை.

சிறு கூறுக்குப் பெயரிடும் கலை நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கை முந்திரி என்றார்கள். அந்த முந்திரியையும் 320ஆகப் பகுத்துக் கீழ்முந்திரி என்றார்கள். ஓர் இலட்சத்து இரண்டாயிரத்து நானூறில் ஒரு பங்கு அது. புள்ளியும் இல்லை, பூச்சிய வரிசையும் இல்லை. ஒவ்வொரு படிக்கும் நாவில் நிற்கும் ஒரு பெயர். செல்வத்தைக் குறிக்க இன்றும் நாம் ஆளும் சொற்களைப் பாருங்கள்: காசு, பணம், துட்டு, சல்லி. எல்லாம் ஒரு காலத்தில் கைமாறிய சிறு நாணயங்களின் பெயர்கள். துட்டு ஒல்லாந்தரின் செப்புக் காசு. காசு, ஆங்கிலத்துக்கே ஒரு சொல்லைக் கடன் கொடுத்தது. மொத்தச் செல்வத்துக்குப் பெயர் கொடுத்தவை கருவூலத்துப் பொற்கட்டிகள் அல்ல. மடியில் முடிந்துவைத்த சில்லறை.

மருமகனின் கைத்தொலைபேசியில் அலகை மாற்ற வழி இருந்தது. சதோஷி என்பதைத் தெரிந்து அழுத்தினான். பூச்சியங்கள் மறைந்து 200 என்று வந்தது.

"இருநூறு சதோஷி" என்று வாசித்தேன்.

"இப்ப விளங்குது, என்ன மாமா?" என்றான்.

விளங்கியது. பிளேன்ரீக்கு அறுபது ரூபாயை நானே கொடுத்தேன்.