பொதுக் கிடங்கிலிருந்து கிளாஸ் வரை: மாறிகளைப் பகிர்ந்த வழக்கத்தின் வரலாறு

ஒரு நிரலுக்குள் பல துணைநிரல்கள் வேலை செய்யும்போது, ஒன்று கணக்கிட்ட மதிப்பு மற்றொன்றுக்குத் தேவைப்படுகிறது. அந்த மதிப்பை எங்கே வைப்பது, அதை யார் மாற்றலாம், அது எவ்வளவு காலம் நிலைத்திருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் 1950களிலிருந்து வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. ஒரு கிளாஸின் துணைநிரல்களான மெத்தட்டுகள் தங்களுக்குள் மாறிகளைப் பகிர்ந்துகொள்ளும் இன்றைய வழக்கம் அந்த விடைகளில் ஒன்று. பகிர்வு எல்லாக் காலத்திலும் இருந்தது. அதைச் சுற்றி எல்லை போடக் கற்றுக்கொள்ளத்தான் நீண்ட காலம் ஆயிற்று.

இந்த வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்ட முத்துக்குளிப்புக் கணக்கு உதவும். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் முதலான ஊர்கள் சேர்ந்த கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். ஆங்கிலேயர் காலத் தூத்துக்குடி முத்துக்குளிப்பில், ஒவ்வொரு தோணியும் கொண்டுவந்த சிப்பிகள் கரையில் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பங்கு முத்துக்குளிப்போருக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற விலையில் ஏலம் போனது. இந்தக் கணக்கை நிரலாக எழுதினால் மூன்று வகை மதிப்புகள் தேவைப்படும். ஒரு கூடையை எண்ணும் நேரத்துக்கு மட்டும் வேண்டிய எண்ணிக்கை முதல் வகை. ஒரு தோணிக்கே உரிய அன்றைய மொத்தம் இரண்டாம் வகை. எல்லாத் தோணிகளுக்கும் பொதுவான ‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற விகிதம் மூன்றாம் வகை. இந்த மூன்றையும் தனித்தனி இடங்களில் வைக்க மொழிகள் கற்றுக்கொண்ட வரிசையே இந்த வழக்கம் வளர்ந்த வரிசை.

ஃபோர்ட்ரானின் பொதுக் கிடங்கு

ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனக் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் 1957இல் வெளிவந்தது. தனியாகக் கம்பைல் செய்யக்கூடிய துணைநிரல்களும், அவற்றுக்கிடையே மதிப்புகளைப் பகிரும் ‘காமன்’ கட்டளையும் 1958இல் வந்த ஃபோர்ட்ரான் 2இல் சேர்ந்தன. நினைவகத்தில் ஒரு பகுதியைப் பொதுவாக ஒதுக்கிவிட்டால், அதை அறிவித்த எந்தத் துணைநிரலும் அங்கே எழுதலாம், அங்கிருந்து படிக்கலாம்.

நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் இது பெரிய வசதி. 1963இல் கான்பூர் ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 1620 கணினியின் அடிப்படை நினைவகத்தில் 20,000 தசம இலக்கங்களே இடம்பெற்றன. வி. ராஜாராமன் போன்ற ஆசிரியர்களிடம் அங்கே நிரல் எழுதப் பழகிய முதல் தலைமுறையினர் ஃபோர்ட்ரானில்தான் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணைநிரல்கள் மதிப்பைப் பகிர இரண்டு வழிகள் இருந்தன: அளபுருவாகக் கையளிப்பது, அல்லது காமனில் வைப்பது.

காமனின் குறை அதன் இணைப்பு முறையில் இருந்தது. துணைநிரல்கள் பெயரைக் கொண்டு ஒத்துப்போகவில்லை, இடவரிசையைக் கொண்டே ஒத்துப்போயின. ஒரு துணைநிரல் ‘மொத்தம், பங்கு’ என்று அறிவித்து, மற்றொன்று ‘பங்கு, மொத்தம்’ என்று அறிவித்தால், தோணியின் மொத்தம் பங்காகவும் பங்கு மொத்தமாகவும் படிக்கப்படும். இரண்டும் தனித்தனியே கம்பைல் ஆனதால் கம்பைலர் இதைக் கண்டுகொள்ளாது. விடை தவறாக வந்த பிறகு, அந்த இடத்தில் எழுதக்கூடிய துணைநிரல்கள் அத்தனையையும் நிரலாளரே வாசித்துத் தேட வேண்டும்.

அல்காலின் தொகுதியும் அதன் போதாமையும்

ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் சேர்ந்து வடிவமைத்த அல்கால் 60 வேறு வழி காட்டியது. தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்ட ஒரு தொகுதிக்குள் அறிவித்த மாறி அந்தத் தொகுதிக்கே உரியது. உள்ளே இருக்கும் துணைநிரல்கள் அதைப் பார்க்கலாம், வெளியே இருப்பவை பார்க்க முடியாது. கூடையை எண்ணும் எண்ணிக்கைக்கு இது மிகப் பொருத்தமான வீடு. இன்றைய மொழிகளின் உள்ளக மாறி இந்த ஏற்பாட்டின் வாரிசு.

ஆனால் தொகுதியின் வேலை முடிந்ததும் அதன் மாறிகளும் மறைந்துவிடும். அடுத்த முறை தோணி கரைக்கு வரும்போது முந்தைய மொத்தம் கிடைக்காது. ‘ஓன்’ என்று குறித்த மாறிகள் மதிப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் என்றாலும், நூறு தோணிகளுக்கு நூறு மொத்தங்களை அவற்றில் தனித்தனியே வைக்க வழியில்லை. ஆகவே தோணியின் மொத்தம் வெளித்தொகுதிக்கே போக வேண்டியிருந்தது. அங்கே அது மறுபடியும் எல்லோரும் தொடக்கூடிய பொது மாறி ஆயிற்று.

இந்த நிலைக்கு எதிரான குரல்கள் 1970களில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1972இல் டேவிட் பார்னஸ், மாறக்கூடிய வடிவமைப்பு முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைக்க வேண்டும் என்று வாதிட்டார். 1973இல் வில்லியம் வுல்ஃப், மேரி ஷா இருவரும் பொது மாறிகளின் தீங்கை நேரடியாகவே தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினார்கள். 1974இல் ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கான்ஸ்டன்டைன் மூவரும் நிரல் கூறுகளுக்கிடையிலான பிணைப்பை வகைப்படுத்தி, பொதுத் தரவு வழியாக உண்டாகும் பிணைப்பின் ஆபத்தை விளக்கினார்கள்.

சிமுலா: அழியாத தொகுதி

இந்தக் குரல்கள் எழுவதற்கு முன்பே விடை நார்வேயில் உருவாகியிருந்தது. ஓஸ்லோவில் உள்ள நார்வேக் கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும், வரிசைகளும் வாகனங்களும் இயங்கும் அமைப்புகளைக் கணினியில் ஒத்திகை பார்ப்பதற்கு ஒரு மொழியை வடிவமைத்தார்கள். அல்கால் 60இன் மேல் அவர்கள் கட்டிய சிமுலா 67இல்தான் கிளாஸ் பிறந்தது.

அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது, விளைவில் பெரியது. தொகுதியின் வேலை முடிந்த பிறகும் அதை அழியவிடாமல் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு சுட்டும் கொடுத்தார்கள். அப்படி நிலைத்திருக்கும் தொகுதியே ஆப்ஜெக்ட், அதை உருவாக்கும் அச்சே கிளாஸ். அதற்குள் அறிவித்த மாறிகள் அதனோடு உயிர்வாழும். அதற்குள் எழுதிய துணைநிரல்கள், அல்கால் விதிப்படியே, அந்த மாறிகளைப் பகிர்ந்துகொள்ளும். ஒரே கிளாஸிலிருந்து எத்தனை ஆப்ஜெக்டுகளையும் உருவாக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மாறிகளின் தனிப்படி உண்டு. தோணியின் மொத்தத்துக்கு இப்படி ஒரு நிலையான இடம் கிடைத்தது. ‘சிப்பி சேர்’, ‘பங்கு பிரி’ என்ற இரண்டு மெத்தட்டுகளும் ஒரே ‘மொத்தம்’ மாறியைத் தொடும், ஆனால் ஒரு தோணியின் மெத்தட் இயங்கும்போது அந்தத் தோணியின் மொத்தமே மாறும்.

தொடக்கத்தில் சிமுலாவின் மாறிகளை வெளியிலிருந்தும் மாற்ற முடிந்தது. அவற்றை மறைக்கும் வசதி 1970களில்தான் சேர்க்கப்பட்டது. டாலும் நைகார்டும் 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார்கள்.

ஸ்மால்டாக் முதல் பைத்தான் வரை

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலியோர் வளர்த்த ஸ்மால்டாக் எல்லையை இறுக்கியது. ஆப்ஜெக்டின் மாறிகளை அதன் சொந்த மெத்தட்டுகள் மட்டுமே தொடலாம், மற்றவர்கள் செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். ஸ்மால்டாக் 80இல், ஒரு கிளாஸின் எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் பொதுவான கிளாஸ் மாறிக்கும் தனி இடம் இருந்தது. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற விகிதம் குடியேற வேண்டிய இடம் அது.

பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் சிமுலாவின் கிளாஸை சி மொழிக்குக் கொண்டுவரும் வேலையை 1979இல் தொடங்கினார். அது 1985இல் சி++ ஆக வெளிவந்தது. ஒரு மாறியை வெளியிலிருந்து தொடக்கூடாது, தொடலாம் என்று குறிக்கும் பிரைவேட், பப்ளிக் என்ற அடையாளங்கள் பரவலானது இதன் வழியாகத்தான். பகிர்வு உள்ளே எப்படி நடக்கிறது என்பதும் சி++இல் தெளிவாகத் தெரியும். மெத்தட்டின் கட்டளைகள் நினைவகத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்கின்றன. எந்த ஆப்ஜெக்டுக்காக அது அழைக்கப்படுகிறதோ, அதன் முகவரி ‘திஸ்’ என்ற மறைமுக அளபுருவாக மெத்தட்டுக்குள் போகிறது. ‘மொத்தம்’ என்று எழுதினால், அந்த முகவரியில் உள்ள ஆப்ஜெக்டின் மொத்தம் என்று பொருள். காலத்தால் முந்திய அளபுருவும் பிந்தி வந்த ஆப்ஜெக்டும் இங்கே ஒன்றாகின்றன.

1995இல் வெளிவந்த ஜாவா, கிளாஸுக்கு வெளியே மாறி அறிவிப்பதையே அனுமதிக்கவில்லை. எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் பொதுவானதை ‘ஸ்டாட்டிக்’ என்று குறிக்க வேண்டும். கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான், மறைந்திருந்த அளபுருவை ‘செல்ஃப்’ என்று வெளிப்படையாக எழுத வைத்தது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் 11ஆம் வகுப்பில் சி++ வழியாகவும் 12ஆம் வகுப்பில் பைத்தான் வழியாகவும் கிளாஸைச் சந்திக்கிறார்கள்.

பைத்தானில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கிளாஸின் உடலில் நேரடியாக ‘வரவுகள்’ என்று ஒரு காலிப் பட்டியலை அறிவித்தால், அந்தப் பட்டியல் எல்லாத் தோணிகளுக்கும் ஒன்றே. ஒரு தோணி அதில் சேர்த்த வரவு மற்ற எல்லாத் தோணிகளிலும் தெரியும். அதே இடத்தில் ஓர் எண்ணை அறிவித்து, செல்ஃப் வழியாகப் புதிய மதிப்பு கொடுத்தால், அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் தனிமாறி உருவாகும், பொது மாறி மாறாது. தோணிக்கே உரியதைத் தொடக்க மெத்தட்டுக்குள் செல்ஃபோடு அறிவிப்பதே இதற்குத் தீர்வு.

ஒரே நேரத்தில் பலர் தொடும்போது

யார் தொடலாம் என்பதை கிளாஸ் கட்டுப்படுத்தியது. எப்போது தொடலாம் என்ற கேள்வி, பல பணிகள் ஒரே நேரத்தில் இயங்கும் நிரல்களில் எழுந்தது. இரண்டு பணிகள் ஒரே மொத்தத்தை ஒரே கணத்தில் படித்து, தனித்தனியே கூட்டி, திரும்ப எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும்.

இதன் விலையை உலகம் தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் கண்டது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். பணிகள் பொது மாறிகளை ஒழுங்கின்றிப் பகிர்ந்தது காரணங்களில் ஒன்று. அந்த மாறிகளில் ஒன்று ஒரு பைட் அளவே கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே போன அது 256ஆவது சுற்றில் பூச்சியத்துக்குத் திரும்பும். அந்தக் கணத்தில் ஒரு பாதுகாப்புச் சோதனை நடக்காமல் போகும்.

ஒரே நேரத்தில் நடக்கும் பகிர்வை ஒழுங்குபடுத்தும் கருத்து கிளாஸிலிருந்தே முளைத்திருந்தது. பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் 1970களின் முற்பாதியில் வகுத்த மானிட்டர் என்ற அமைப்பில், பகிரப்படும் மாறிகளும் அவற்றைத் தொடும் துணைநிரல்களும் ஒரே உறைக்குள் இருக்கும், ஒரு நேரத்தில் ஒரு பணிதான் உள்ளே நுழையலாம். ஜாவாவின் ‘சிங்க்ரனைஸ்ட்’ மெத்தட் அந்த வழியில் வந்தது. மதிப்பை மாற்றவே முடியாதபடி உருவாக்குவது மற்றொரு வழி. 2021இல் ஜாவா 16 நிலைப்படுத்திய ‘ரெக்கார்ட்’ அந்த வகையைச் சேர்ந்தது. மதிப்பு மாறாது என்றால் எத்தனை மெத்தட்டுகளும் அச்சமின்றி அதைப் பகிரலாம்.

இன்று நிலைபெற்ற முறை

இந்த அனுபவத்திலிருந்து ஒரு வரிசை நிலைபெற்றிருக்கிறது. ஒரு மெத்தட்டுக்குள் தொடங்கி அங்கேயே முடியும் மதிப்பு உள்ளக மாறியாக இருக்கட்டும். ஓர் அழைப்புக்கு மட்டும் மற்றொரு மெத்தட்டுக்குத் தேவையானால் அளபுருவாகப் போகட்டும், விடை திரும்பும் மதிப்பாக வரட்டும். பல அழைப்புகளைக் கடந்து ஆப்ஜெக்டின் நிலையாக நிற்பதே அதன் பிரைவேட் மாறியாக வேண்டும். எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் உண்மையிலேயே பொதுவானது மட்டும் ஸ்டாட்டிக் ஆகலாம், அதுவும் மாறாத மதிப்பாக இருந்தால் நல்லது.

அளபுரு எழுதும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக மதிப்பை ஆப்ஜெக்டின் மாறியாக்குவது இந்த வரிசையை மீறுகிறது. அப்படிச் சேர்ந்த மாறிகளால் கிளாஸ் பெருத்தால், எந்த மெத்தட் எதை மாற்றுகிறது என்பது மறைந்துபோகும். கிளாஸ் தன் எல்லைக்குள்ளேயே ஒரு காமன் தொகுதியாகிவிடும். அப்போது, ஒன்றாகத் தொடப்படும் மாறிகளையும் அவற்றைத் தொடும் மெத்தட்டுகளையும் சேர்த்துச் சிறிய கிளாஸ்களாகப் பிரிப்பதே வழி.